பிரான்ஸ் ஆன்டன் மெஸ்மர்

பிரான்ஸ் ஆன்டன் மெஸ்மர் (மே 23, 1734 – மார்ச் 5, 1815) ஒரு ஜெர்மானிய மருத்துவர் ஆவார். அண்டம் முழுவதும் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய பாய்மம் ஒன்று நிறைந்துள்ளது என்றும், மனித உடலில் அதன் ஓட்டம் தடைபடும்போது நோய் உண்டாகிறது என்றும் இவர் கருதினார். கைகளால் தொட்டும் தடவியும் அவ்வோட்டத்தைச் சீராக்க இயலும் என்பது இவரது கொள்கை. இதற்கு இவர் உயிர்க் காந்தம் எனப் பெயரிட்டார். பின்னாளில் இது இவரது பெயராலேயே மெஸ்மரிசம் என அழைக்கப்பட்டது.

பிரான்சு மன்னர் பதினாறாம் லூயி 1784-ஆம் ஆண்டில் இச்சிகிச்சையை ஆராய ஒரு குழுவை அமைத்தார். பெஞ்சமின் பிராங்கிளின், அந்துவான் லவாய்சியே ஆகியோர் இடம்பெற்ற அக்குழு, நோயாளிகளின் கண்களைக் கட்டிச் சோதனைகள் நடத்தியது. மருத்துவ ஆய்வுமுறையின் வரலாற்றில் இச்சோதனைகள் சிறப்பிடம் பெற்றுள்ளன. மெஸ்மர் கூறிய பாய்மம் இல்லை என முடிவானபோதிலும், அவரது முறையிலிருந்தே அறிதுயில் (ஹிப்னாட்டிசம்) தோன்றியது.

இளமையும் கல்வியும்

மெஸ்மர் கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் உள்ள இட்ஸ்நாங் என்னும் சிற்றூரில் பிறந்தார். இவ்வூர் ஜெர்மனியின் தென்பகுதியான சுவாபியாவில் உள்ளது. தந்தை கான்ஸ்டன்ஸ் ஆயரின் கீழ் வனக்காவலராகப் பணிபுரிந்தவர். ஒன்பது பிள்ளைகளுள் மெஸ்மர் மூன்றாமவர்.

இவர் டில்லிங்கன், இங்கோல்ஸ்டாட் ஆகிய இடங்களில் இருந்த இயேசு சபைப் பல்கலைக்கழகங்களில் பயின்றார். 1759-இல் வியன்னாவுக்குச் சென்று, முதலில் சட்டமும் பின்னர் மருத்துவமும் கற்றார். 1766-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். மனித உடலின் மீது கோள்களின் தாக்கம் என்பதே இவரது ஆய்வேட்டின் பொருள். சந்திரனும் சூரியனும் கடலில் ஓத ஏற்றத்தையும் வற்றையும் உண்டாக்குவது போல, உடலில் உள்ள நீர்மங்களிலும் மாற்றங்களை உண்டாக்குகின்றன என இதில் அவர் வாதிட்டார்.

இது சோதிடம் சார்ந்த கருத்து அன்று. நியூட்டனின் ஈர்ப்பு விதியை உடலுக்குப் பொருத்திப் பார்க்கும் முயற்சியாகவே அது அக்காலத்தில் எழுதப்பட்டது. எனினும் ஆய்வேட்டின் பெரும்பகுதி, ஆங்கிலேய மருத்துவர் ரிச்சர்ட் மீட் என்பவரின் நூலிலிருந்து எடுக்கப்பட்டது எனப் பிற்கால வரலாற்றாய்வாளர்கள் காட்டியுள்ளனர்.

வியன்னா வாழ்க்கை

1768-இல் மெஸ்மர் செல்வம் மிக்க கைம்பெண்ணான ஆனா மரியா வான் போஷ் என்பவரை மணந்தார். இதன் மூலம் வியன்னாவின் உயர்குடியினரிடையே இவருக்கு இடம் கிடைத்தது. தோட்டத்துடன் கூடிய இவரது பெரிய இல்லம் இசைவாணர்கள் கூடும் இடமாக விளங்கியது. மோட்சார்ட்டின் குடும்பத்தினர் இவருக்கு நண்பர்கள். 12 வயதுச் சிறுவனாக மோட்சார்ட் இயற்றிய பாஸ்டியனும் பாஸ்டியனாவும் என்னும் சிறு இசைநாடகம் இவரது தோட்டத்தில் அரங்கேறியதாக மரபுவழிச் செய்தி ஒன்று உண்டு. ஆனால் அதற்கு உறுதியான சான்று இல்லை.

மெஸ்மர் கண்ணாடி ஆர்மோனிகா என்னும் இசைக்கருவியை வாசிப்பதில் வல்லவர். ஈரமான விரல்களால் சுழலும் கண்ணாடிக் கிண்ணங்களைத் தொட்டு இசை எழுப்பும் இக்கருவியை 1761-இல் உருவாக்கியவர் பெஞ்சமின் பிராங்கிளின் ஆவார். பின்னாளில் மெஸ்மரின் கொள்கையை மறுத்த குழுவிலும் அதே பிராங்கிளின் இடம்பெற்றார் என்பது குறிப்பிடத்தக்கது.

காந்தச் சிகிச்சையின் தொடக்கம்

1774-இல் பிரான்சிஸ்கா ஓஸ்டர்லின் என்னும் இளம்பெண்ணுக்கு மெஸ்மர் சிகிச்சை அளித்தார். வலிப்பு, வாந்தி, காதுவலி, பல்வலி, மயக்கம் எனப் பல தொல்லைகள் அவருக்கு மாறி மாறி வந்துகொண்டிருந்தன. இரும்பு கலந்த மருந்தைக் குடிக்கச் செய்து, உடலின் பல பகுதிகளில் காந்தத் துண்டுகளை மெஸ்மர் பொருத்தினார். உடலினுள் ஏதோ ஒரு நீர்மம் ஓடுவதுபோல் உணர்ந்ததாகவும், பின்னர் தொல்லைகள் பல மணி நேரம் நீங்கியிருந்ததாகவும் அப்பெண் தெரிவித்தார்.

அக்காந்தங்களைச் செய்து கொடுத்தவர் இயேசு சபைத் துறவியும் வானியலாளருமான மாக்சிமிலியன் ஹெல். குணமானதற்குக் காந்தமே காரணம் என ஹெல் அறிவிக்க, இருவருக்குமிடையே பூசல் மூண்டது. இரும்புக் காந்தம் வெறும் கடத்தி மட்டுமே. உண்மையில் செயல்படுவது மருத்துவரின் உடலில் திரண்டுள்ள வேறொரு காந்தம் என்பது மெஸ்மரின் வாதம். தாதுப்பொருட்களின் காந்தத்திலிருந்து வேறுபடுத்தவே இதனை அவர் உயிர்க் காந்தம் என அழைத்தார். சில ஆண்டுகளில் காந்தத் துண்டுகளை முற்றிலும் கைவிட்டு, கைகளை மட்டும் பயன்படுத்தலானார்.

1775-இல் பவேரியாவில் யோகான் யோசப் காஸ்னர் என்னும் பாதிரியார் பேயோட்டும் முறையில் நோய்களைக் குணப்படுத்திப் பெரும் கூட்டத்தைத் திரட்டி வந்தார். இதுபற்றிக் கருத்துக் கூற மியூனிக் நகருக்கு மெஸ்மர் அழைக்கப்பட்டார். காஸ்னர் ஏமாற்றுபவர் அல்லர், ஆனால் பேய்களுக்கும் இதில் பங்கில்லை. தாம் அறியாமலே அவர் உயிர்க் காந்தத்தைப் பயன்படுத்துகிறார் என மெஸ்மர் கூறினார். சமய விளக்கத்தின் இடத்தில் இயற்கை விளக்கம் ஒன்றை வைத்த இக்கருத்து, அறிவொளிக் காலத்து அறிஞர்களுக்கு உவப்பாக இருந்தது. பவேரிய அறிவியல் கழகம் இவரை உறுப்பினராக்கியது.

மரியா தெரேசியா வான் பாரடிஸ்

மெஸ்மரின் வாழ்க்கைப் போக்கை மாற்றிய நிகழ்ச்சி 1777-இல் நடந்தது. மரியா தெரேசியா வான் பாரடிஸ் சிறு வயதிலேயே பார்வையிழந்தவர். 18 வயதுக்குள் வியன்னாவில் புகழ்பெற்ற பியானோ கலைஞராக விளங்கியவர். பேரரசியிடமிருந்து அவருக்கு உதவித்தொகை கிடைத்து வந்தது. வியன்னாவின் முன்னணி மருத்துவர்கள் மின் அதிர்ச்சி உள்ளிட்ட துன்பம் தரும் முறைகளைக் கையாண்டும் பயன் கிட்டவில்லை.

மெஸ்மர் அவரைத் தம் இல்லத்தில் தங்கவைத்துச் சிகிச்சை அளித்தார். சில வாரங்களில் அப்பெண் ஒளியையும் உருவங்களையும் ஓரளவு உணர்வதாகச் செய்தி பரவியது. ஆனால் பொருட்களைப் பெயர் சொல்லி அடையாளம் காண அவரால் இயலவில்லை எனப் பிற மருத்துவர்கள் மறுத்தனர். இதற்கிடையே அவரது பியானோ வாசிப்பும் தடுமாறத் தொடங்கியது. பார்வை பெற்றால் உதவித்தொகை நின்றுவிடும் என்ற அச்சமும் பெற்றோருக்கு இருந்ததாகக் கூறப்படுகிறது. பெரும் சச்சரவுக்குப் பின் பெற்றோர் மகளை அழைத்துச் சென்றனர். அதன்பின் அவர் பார்வையற்றவராகவே வாழ்ந்தார். ஐரோப்பாவெங்கும் இசைநிகழ்ச்சிகள் நடத்தி, 1808-இல் வியன்னாவில் இசைப்பள்ளி ஒன்றையும் நிறுவிய அவர் 1824-இல் மறைந்தார்.

இந்நிகழ்ச்சியால் மெஸ்மரின் நற்பெயர் குலைந்தது. மனைவியைப் பிரிந்து வியன்னாவை விட்டு வெளியேறிய அவர், 1778-இல் பாரிசு வந்தடைந்தார்.

பாரிசில் மெஸ்மர்

பாரிசில் மெஸ்மருக்கு நோயாளிகள் திரளாக வந்தனர். ஆனால் அவர் பெரிதும் விரும்பிய அறிஞர் கழகங்களின் ஏற்பு கிட்டவில்லை. அறிவியல் கழகமும் அரச மருத்துவக் கழகமும் அவரது கோரிக்கைகளைத் தட்டிக் கழித்தன. மன்னரின் தம்பியான ஆர்த்துவா கோமகனின் மருத்துவர் சார்லஸ் தெலோன் மட்டும் இவருக்குச் சீடரானார்.

1779-இல் தமது கண்டுபிடிப்பைப் பற்றிய நூலை மெஸ்மர் வெளியிட்டார். அதில் 27 கூற்றுகளாகத் தம் கொள்கையைத் தொகுத்துள்ளார். அவற்றின் சாரம் வருமாறு:

- வான்பொருட்கள், பூமி, உயிர்கள் ஆகிய அனைத்தையும் ஒரே பாய்மம் இணைக்கிறது.
- நோய் என்பது அப்பாய்மம் உடலில் சமமின்றிப் பரவியிருக்கும் நிலை.
- அதனைச் சேமிக்கவும், செறிவூட்டவும், ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் செலுத்தவும் முடியும்.
- கண்ணாடி அதனை ஒளிபோல் எதிரொளிக்கும். ஒலி அதனைப் பரப்பும்.
- நரம்பு நோய்களை நேரடியாகவும் பிற நோய்களை மறைமுகமாகவும் அது குணமாக்கும்.

1781-இல் அரசு அவருக்கு ஆண்டுக்கு 20,000 லிவர் வாழ்நாள் ஓய்வூதியமும், சிகிச்சை நிலையம் நடத்த மேலும் 10,000 லிவரும் தர முன்வந்தது. அரசு நியமிக்கும் மாணவர்களை ஏற்கவேண்டும் என்பது நிபந்தனை. தமது கண்டுபிடிப்பு முதலில் ஏற்கப்பட வேண்டும், பணம் பிறகுதான் என மெஸ்மர் மறுத்துவிட்டார்.

சிகிச்சை முறை

மெஸ்மரிடம் வந்த நோயாளி எதிர்கொண்டவை இரு வகைப்படும்.

தனிச் சிகிச்சை: மருத்துவர் நோயாளியின் எதிரே, முழங்கால்கள் தொடுமாறு அமர்வார். நோயாளியின் கட்டைவிரல்களைத் தம் கைகளில் பற்றிக்கொண்டு அவரது கண்களை உற்று நோக்குவார். பின்னர் தோள்களிலிருந்து கைகளின் வழியாகக் கீழ்நோக்கித் தடவுவார். விலா எலும்புகளுக்குக் கீழே, வயிற்றின் மேற்பகுதியில் நெடுநேரம், சில வேளைகளில் மணிக்கணக்கில், கைகளை வைத்திருப்பதும் உண்டு. உடலைத் தொடாமல் சற்று விலகிக் கைகளை அசைப்பதும் வழக்கமாக இருந்தது. தசையைப் பிசைந்து தளர்த்தும் உடற்பிடிப்பு முறைகளில் அழுத்தமே செயல்படுகிறது. மெஸ்மரின் முறையிலோ தொடுதல் பாய்மத்தைச் செலுத்தும் வழி மட்டுமே.

கூட்டுச் சிகிச்சை: நோயாளிகள் பெருகியபோது பாக்கே எனப்பட்ட பெரிய மரத்தொட்டியை மெஸ்மர் அமைத்தார். அதனுள் காந்தமேற்றியதாகக் கருதப்பட்ட நீர் நிரம்பிய புட்டிகள் அடுக்கப்பட்டிருந்தன. இடைவெளிகளில் நீர், இரும்புத்தூள், கண்ணாடித்தூள் ஆகியவை இடப்பட்டன. மூடியிலிருந்த துளைகளின் வழியே வளைந்த இரும்புக் கம்பிகள் வெளியே நீண்டிருக்கும். நோயாளிகள் சுற்றிலும் அமர்ந்து, கம்பியை உடலின் நோயுள்ள பகுதியில் வைத்துக்கொள்வர். ஒரு கயிறு அனைவரையும் இணைக்கும். அறையில் திரைச்சீலைகள் தொங்க, மெல்லிய இசை ஒலிக்கும். ஊதா நிறப் பட்டாடை அணிந்து மெஸ்மர் அவர்களிடையே நடந்து வருவார்.

சிலர் எதையும் உணர்வதில்லை. சிலருக்கு இருமல், வெப்பம், வியர்வை ஏற்படும். வேறு சிலர் அழுதும் சிரித்தும் வலிப்புற்றும் நிலைகுலைவர். இதனை மெஸ்மர் நெருக்கடி நிலை என்றார். நோய் நீங்க நெருக்கடி இன்றியமையாதது என்பது அவரது கருத்து. அந்நிலையை அடைந்தோரைக் கொண்டுசெல்ல மெத்தைகள் பொருத்திய தனி அறை இருந்தது. ஏழைகளுக்காக மரம் ஒன்றைக் காந்தமேற்றி, அதில் கட்டிய கயிறுகளைப் பற்றிக்கொள்ளச் செய்ததாகவும் அறியப்படுகிறது.

நல்லிணக்கச் சங்கம்

1783-இல் வழக்கறிஞர் நிக்கோலா பெர்காஸ், வங்கியாளர் கோர்ன்மன் ஆகியோரின் முயற்சியால் உலக நல்லிணக்கச் சங்கம் தொடங்கப்பட்டது. மெஸ்மரின் மறைபொருளைக் கற்க ஒவ்வொரு உறுப்பினரும் 100 லூயி பொற்காசுகள் (2,400 லிவர்) செலுத்த வேண்டும். அமெரிக்க விடுதலைப் போரில் புகழ்பெற்ற லஃபாயெட் இதன் உறுப்பினர்களுள் ஒருவர். பிரான்சின் பல நகரங்களில் கிளைகள் தோன்றின. நாளடைவில், கட்டணம் செலுத்தியவர்கள் தாம் கற்றதைப் பிறருக்குக் கற்பிக்கலாமா என்பதில் மெஸ்மருக்கும் பெர்காசுக்கும் பிணக்கு ஏற்பட்டுச் சங்கம் பிளவுபட்டது.

1784 ஆய்வுக்குழு

1784 மார்ச்சில் மன்னர் நியமித்த குழுவில் பாரிசு மருத்துவப் புலத்திலிருந்து நால்வரும், அறிவியல் கழகத்திலிருந்து ஐவரும் இருந்தனர். பிராங்கிளின், வேதியியலாளர் லவாய்சியே, வானியலாளர் பெய்யி, மருத்துவர் கில்லட்டின் ஆகியோர் இவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். மெஸ்மர் ஒத்துழைக்க மறுத்ததால், தனியே சிகிச்சை நடத்திவந்த தெலோனின் முறையே ஆராயப்பட்டது.

குணமடைந்தோரின் எண்ணிக்கையைச் சான்றாகக் கொள்வதில்லை எனக் குழு தொடக்கத்திலேயே முடிவு செய்தது. பல நோய்கள் தாமாகவே நீங்குபவை. எனவே குணமானது சிகிச்சையாலா, இயற்கையாலா எனப் பிரித்தறிய முடியாது. பாய்மம் என ஒன்று இருந்தால், அதன் உடனடி விளைவு உடலில் தென்பட வேண்டும் என்பதே குழு மேற்கொண்ட அடிப்படை.

முதலில் தொட்டியில் மின்னூட்டமோ காந்தமோ இல்லை எனக் கருவிகளால் உறுதி செய்தனர். பிறகு வாரம் ஒருமுறை தாங்களே தொட்டியைச் சுற்றி அமர்ந்து பார்த்தனர், எதையும் உணரவில்லை. அடுத்து நடந்த சோதனைகளுள் சில:

- பாசியில் இருந்த பிராங்கிளினின் இல்லத் தோட்டத்தில் ஓர் ஆப்ரிகாட் மரத்தைத் தெலோன் காந்தமேற்றினார். அவரே தெரிவு செய்த 12 வயதுச் சிறுவனைக் கண்கட்டி வேறு நான்கு மரங்களிடம் அழைத்துச் சென்றனர். ஒவ்வொரு மரமாகச் செல்லச் செல்ல அவனது உணர்ச்சிகள் கூடின; நான்காம் மரத்தடியில் மயங்கி விழுந்தான்.
- கண்கட்டிய பெண் ஒருவரிடம், தெலோன் அறைக்குள் வந்து காந்தமேற்றுவதாகக் கூறினர். தெலோன் அங்கு இல்லை. ஆயினும் சில நிமிடங்களில் அவர் நெருக்கடி நிலையை அடைந்தார்.
- லவாய்சியேயின் இல்லத்தில் ஒரு பெண்ணுக்குச் சாதாரண நீர்க்கிண்ணங்கள் அடுத்தடுத்து நீட்டப்பட்டன. அவற்றுள் ஒன்றைக் கண்டு அவர் நெருக்கடிக்குள்ளானார். பின்னர் உண்மையில் காந்தமேற்றிய கிண்ணத்தைக் கொடுத்தபோது அமைதியாகக் குடித்தார்.
- தாளாலான தடுப்புக்கு அப்பாலிருந்து ஒரு பெண்ணுக்கு அவர் அறியாமல் அரை மணி நேரம் காந்தமேற்றியும் விளைவு இல்லை. அறிந்த பின் மூன்று நிமிடங்களில் நெருக்கடி தோன்றியது.

பாய்மம் இருந்தும் நோயாளி அறியாதபோது விளைவு இல்லை. பாய்மம் இல்லாதபோதும் நோயாளி நம்பினால் விளைவு உண்டு. எனவே விளைவுகளுக்குக் காரணம் கற்பனை, தொடுதல், பிறரைப் பார்த்துப் பின்பற்றுதல் ஆகியவையே எனக் குழு முடிவு செய்தது. அறிக்கை 1784 ஆகத்தில் வெளியிடப்பட்டது. ஆண் மருத்துவர்கள் பெண் நோயாளிகளை நெடுநேரம் தொட்டுச் சிகிச்சை அளிப்பதில் உள்ள ஒழுக்கக் கேடுகள் பற்றி மன்னருக்குத் தனியாக மறை அறிக்கை ஒன்றும் அளிக்கப்பட்டது.

நோயாளிகள் நடித்தனர் என அறிக்கை கூறவில்லை. அவர்கள் உண்மையிலேயே துன்புற்றனர், உண்மையிலேயே உணர்ந்தனர் என்பதை அது ஏற்றுக்கொண்டது. நம்பிக்கை உடலை இந்த அளவுக்கு ஆட்டிப்படைக்க முடியும் என்பதை நிறுவியதும் அவ்வறிக்கையே ஆகும்.

அரச மருத்துவக் கழகத்தின் இரண்டாவது குழுவும் ஏறத்தாழ இதே முடிவுக்கு வந்தது. அதில் இருந்த தாவரவியலாளர் ஜுஸ்யூ மட்டும், கற்பனையால் மட்டும் விளக்க முடியாத சில நிகழ்வுகள் உள்ளன என மாற்றுக் கருத்துத் தெரிவித்தார். தெலோனின் முறை தமது முறையே அன்று என மெஸ்மர் மறுத்தார்.

பிற்கால வாழ்க்கை

அறிக்கைக்குப் பின் மெஸ்மரின் செல்வாக்குச் சரிந்தது. 1785-இல் பாரிசை விட்டு வெளியேறிப் பல நாடுகளில் சுற்றினார். பிரெஞ்சுப் புரட்சியால் அவரது செல்வத்தின் பெரும்பகுதி அழிந்தது. அவரை ஆராய்ந்தோருள் பெய்யி 1793-இலும், லவாய்சியே 1794-இலும் தலை வெட்டிக் கொல்லப்பட்டனர். அதற்குப் பயன்பட்ட பொறி, அதே குழுவிலிருந்த கில்லட்டினின் பெயரைத் தாங்கியது. 1793-இல் வியன்னா திரும்பிய மெஸ்மர் புரட்சி ஆதரவாளர் என்ற ஐயத்தின்பேரில் தடுத்து வைக்கப்பட்டார்.

பின்னர் சுவிட்சர்லாந்தின் பிராவன்பெல்டு நகரில் அமைதியாக வாழ்ந்தார். இவர் இன்னும் உயிருடன் இருக்கிறார் என்பதையே பலரும் மறந்திருந்தனர். 1812-இல் பெர்லின் மருத்துவர் வோல்பார்ட் இவரைத் தேடிவந்து கற்றுச்சென்று, 1814-இல் இவரது கருத்துகளை நூலாக வெளியிட்டார். மெஸ்மர் 1815 மார்ச் 5 அன்று, தாம் பிறந்த அதே ஏரியின் கரையிலுள்ள மேர்ஸ்பர்க் நகரில் காலமானார்.

தாக்கம்

மெஸ்மரின் மாணவரான புய்செகூர் பிரபு 1784-இல் விக்டர் ராசு என்னும் உழவருக்குச் சிகிச்சை அளித்தார். அவருக்கு வலிப்பு வரவில்லை. மாறாக, பேசவும் நடக்கவும் கூடிய ஒருவகை உறக்கத்தில் ஆழ்ந்தார். இதுவே அறிதுயிலின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. கோவாவில் பிறந்த பாதிரியார் அபே பாரியா, 1813 முதல் பாரிசில் நிகழ்த்திய விளக்கங்களில், ஆற்றல் காந்தமேற்றுபவரிடம் இல்லை, துயில்பவரின் மனத்திலேயே உள்ளது எனக் கூறினார். மான்செஸ்டர் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்டு 1843-இல் வெளியிட்ட நூலின் மூலம், ஹிப்னாட்டிசம் என்ற பெயர் நிலைபெற்றது.

இந்தியாவில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர், 1845 முதல் வங்காளத்தின் ஹூக்ளியில் மெஸ்மரிச முறையில் நோயாளிகளைத் துயிலச் செய்து அறுவைச் சிகிச்சைகள் மேற்கொண்டார். ஈதர், குளோரோபார்ம் போன்ற மயக்க மருந்துகள் வந்தபின் இம்முறை மறைந்தது. தமிழில் மெஸ்மரிசம் என்ற சொல் வசியம் என்னும் பொருளிலேயே பெரிதும் வழங்குகிறது. மெஸ்மரின் எண்ணத்தில் அது வசியம் அன்று, மருத்துவமே ஆகும்.

கைகளால் உடலைத் தொட்டோ தொடாமலோ ஆற்றலைச் செலுத்துவதாகக் கூறும் சிகிச்சைகள் இன்றும் உள்ளன. 1920-களில் ஜப்பானில் மிக்காவோ உசுயி தொடங்கிய ரெய்க்கி இத்தகையது. அது மெஸ்மரிடமிருந்து தோன்றியதன்று. இவை கூறும் ஆற்றல் எதுவும் இதுவரை அளந்தறியப்படவில்லை. 1998-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான ஆய்வு ஒன்றில், தொடுசிகிச்சை செய்யும் 21 பேர் திரைக்கு அப்பால் கைகளை நீட்டினர். தம் எந்தக் கைக்கு மேல் மற்றொருவரின் கை உள்ளது என்பதை 280 முறைகளில் 44 விழுக்காடு மட்டுமே சரியாகக் கூறினர். சோதனையை வடிவமைத்துச் செய்தபோது அச்சிறுமிக்கு வயது 9. பாசித் தோட்டத்துச் சோதனையின் அதே தத்துவமே இதிலும் கையாளப்பட்டது.

இத்தகைய சிகிச்சைக்குப் பின் பலர் அமைதியும் தளர்வும் உணர்வது உண்மையே. ஒருவர் நெடுநேரம் அக்கறையோடு அருகில் இருப்பதும், ஓய்வும், எதிர்பார்ப்பும் அதற்குப் போதுமான காரணங்கள். புற்றுநோய், நீரிழிவு போன்ற நோய்களுக்குரிய மருத்துவத்தை இதை நம்பிக் கைவிடும்போதுதான் தீங்கு நேர்கிறது.

மதிப்பீடு

மெஸ்மரைப் போலி மருத்துவர் என ஒதுக்குவோர் உண்டு. உளமருத்துவத்தின் முன்னோடி எனப் போற்றுவோரும் உண்டு. அவர் தமது பாய்மத்தை இறுதிவரை நம்பினார் என்பதில் வரலாற்றாய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. மனத்தின் ஆற்றலைத் தம் கைகளின் ஆற்றல் என அவர் கருதினார். புதிய மருந்தொன்றைச் சோதிக்கும்போது, உண்மை மருந்து எது, போலி மருந்து எது என நோயாளிக்குத் தெரியாமல் வைக்கும் இன்றைய நடைமுறையின் தொடக்கங்களுள் ஒன்று, அவரது கருத்தை ஆராய்வதற்காக நடந்த சோதனைகளே ஆகும்.